பீலித் தண்ணீரும் வன்னி நாக்கும்: கானில் பிடிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் மலை இல்லை. குளம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, ஆழமாகப் போனால் குழாய்க்கிணறு இருக்கிறது. பல இடங்களில் அந்தத் தண்ணீர் வாயில் வைத்தவுடனேயே சவர்க்கும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். அப்படிப் பழகிய நாக்கோடு மலைநாட்டு நுவரெலியாப் பக்கம் வான் பிடித்துப் போகிறவர்கள், தெருவோரப் பீலியில், அதாவது மலை ஊற்றுத் தண்ணீர் குழாயால் விழும் இடத்தில், ஒரு கை ஏந்திக் குடித்ததும் சொல்வது ஒன்றுதான்: "ஐயோ, இளநீர் மாதிரி! அந்தக் கானை எடுங்கோ."

தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நம் நாக்குக்குப் பிடிபடுவது உப்பும் சுண்ணாம்பும்தான். அவை இல்லையென்றால் 'நல்ல தண்ணி' என்று தீர்ப்புச் சொல்லிவிடும். மலத்தால் வரும் கிருமிக்கு உருசியும் இல்லை, நிறமும் இல்லை. மழைநீர் நிலத்துக்குள் ஊறிக் கல்லிடுக்கால் வெளிவரும்போது மண் அதை வடிக்கிறது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு ஆழத்தில், எத்தனை நாள் ஊறி வந்தது என்பதைப் பொறுத்ததுதான் அந்த வடிப்பு. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று பீலி பெருத்துக் கலங்கி விழுந்தால், அது மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு வந்த தண்ணீர். அன்றைக்குப் பிடிக்கவே வேண்டாம்.

அடுத்தது, பீலியைப் பார்த்துவிட்டு அதற்கு மேலே பார்க்காமல் விடுவது. ஒருமுறை மூன்று கான் நிரப்பி முடித்த பிறகு, கால் விறைப்புப் போகட்டும் என்று பக்கத்துப் படியால் ஏறினேன். கறுப்பு ஹோஸ் ஒன்று மேலே போனது. நடுவில் பழைய சைக்கிள் ரியூப்பால் ஒரு கட்டு. அது போய் முடிந்த குழி ஒரு லீக்ஸ் பாத்தியின் ஓரத்தில் இருந்தது. பக்கத்தில் கோழி எரு மூட்டைகள். ஒன்று கிழிந்து, மழையில் கரைந்து, கபில நிறமாகக் குழிப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. இறங்கி வந்து மூன்று கானையும் கவிழ்த்தேன். மாமிக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் போகவில்லை.

ஊற்றின் வாயைக் கல்லாலோ சீமெந்தாலோ கட்டி மூடி, மேல்பக்கத்து வெள்ளம் விலகிப் போக வாய்க்கால் வெட்டி, ஆடு மாடு கிட்ட வராமல் அடைத்திருந்தால் ஓரளவு நம்பலாம். சரிவின் மேலே மலசலகூடமோ மாட்டுத் தொழுவமோ மரக்கறித் தோட்டமோ தெரிந்தால் வானை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். எல்லாவற்றையும் விட லேசான வழி, அங்கே குடத்தோடு நிற்கிறவர்களிடம் கேட்பது: "அக்கா, இது குடிக்கிறதோ, குளிக்கிறதுக்கு மட்டுமோ?" மழைக்குப் பிறகு எத்தனை நாள் கலங்கும் என்பது வரை சொல்வார்கள். கேட்கிற சாக்கில், அவர்கள் நிரப்பி முடியும் வரை வரிசையில் நிற்பதும் நல்லது. அது அவர்களுடைய அன்றாடத் தண்ணீர், நமக்குச் சுற்றுலா. பீலியடியில் வான் கழுவவே வேண்டாம்.

நீர்வீழ்ச்சியை ஊற்று என்று நினைத்துப் பிடிப்பவர்களும் உண்டு. அது ஆறு. எத்தனை குடியிருப்பைத் தாண்டி வந்ததோ.

"குடித்தோம், ஒன்றும் செய்யவில்லையே" என்பது இன்னொன்று. வயிற்றோட்டம் என்றால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். ஆனால் அசுத்தத் தண்ணீரால் பரவும் செங்கண்மாரி (மஞ்சள் காமாலை) வெளிப்பட பெரும்பாலும் 14 முதல் 28 நாள் ஆகும். நெருப்புக்காய்ச்சலுக்கும் (தைபோயிட்) ஒன்றிரண்டு கிழமை போகலாம். அதற்குள் பயணமே மறந்துபோயிருக்கும். வீட்டுக் கிணற்றின் மேல்தான் பழி விழும்.

சரி, கொதிக்கவைத்தால்? தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். பசளையில் இருந்து வரும் நைத்திரேற்றும் பூச்சிமருந்தும் கொதியில் போகாது. தண்ணீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே கைக்குழந்தையின் பால்மாவுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம். நம் ஊர்க் கிணற்றின் புளோரைட்டுக்கும் இதே கதைதான். தேற்றாங்கொட்டை உரைத்துவிட்டால் கலங்கல் அடையும். அப்புறமும் கொதிக்கவைக்கத்தான் வேண்டும்.

கான் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மண்ணெண்ணெய், தின்னர், களைநாசினி இருந்த கானை எத்தனை தரம் கழுவினாலும் பிளாஸ்ரிக் உறிஞ்சி வைத்ததைத் திரும்பக் கொடுக்கும். ஊற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை, அதனால் கையோ மூடியோ பட்டு உள்ளே போகும் கிருமியைத் தடுக்க ஒன்றுமில்லை. ஏழெட்டு மணி நேரம் பின் சீற்றில் வெயில் குடித்து, வன்னிக்குத் திரும்பும் வழியில் முறிகண்டியில் கச்சான் வாங்க இறங்கும்போது அந்த இளநீர் வெந்நீராகியிருக்கும். வெள்ளைக் கானை வெயிலில் சில நாள் விட்டால் உட்புறம் பச்சையாகப் பாசி பிடிக்கும். சாக்கால் மூடுங்கள். 20 லீற்றர் என்றால் 20 கிலோ. ஐந்து கான் ஏற்றினால் ஆளும் சாமானும் போக மேலதிகமாக 100 கிலோ, அதுவும் மலை இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு.

நான் இப்போது ஒரு 5 லீற்றர் கான்தான் கொண்டுவருகிறேன், தேத்தண்ணிக்கு. கொதித்துத்தானே ஆகவேண்டும். சாயம் தெளிவாக இறங்கும், மேலே ஆடை கட்டாது. மூன்றாம் நாள் மிஞ்சினால் வாழைக்கு.