எடையை இறக்குவதிலும் கவனம் வையுங்கள்

எடையைத் தூக்குவதில் காட்டும் அக்கறையைப் பலர் இறக்குவதில் காட்டுவதில்லை. பைசெப்ஸ் கர்ல் (முழங்கையை மடக்கி எடை தூக்கும் பயிற்சி) செய்யும்போது டம்பெல்லைப் பொத்தென்று விடாமல் 2, 3 நொடி எடுத்து மெதுவாக இறக்கிப் பாருங்கள், கை நடுங்கலாம், இறக்கும்போதும் தசை வேலை செய்கிறது. உடம்பை ஆட்டித் தூக்க வேண்டியிருந்தால் எடை அதிகம், தயங்காமல் குறையுங்கள்.

ஒரு செட்டுக்கு, அதாவது இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுக்கு, 6 முதல் 12 முறை. இன்னும் ஒன்றிரண்டு முறைதான் முடியும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். எல்லா செட்டிலும் ஒழுங்காக 12-ஐத் தொட்ட பிறகே 1 அல்லது 2 கிலோ கூட்டலாம்.

தரையில் இருக்கும் பாரை (எடை மாட்டும் நீளக் கம்பியை) நிமிர்ந்து தூக்கும் டெட்லிஃப்ட்டில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: பார் காலை ஒட்டியே மேலே வர வேண்டும், மூச்சை நன்றாக இழுத்து வயிற்றை இறுக்கிக்கொள்ள வேண்டும், முதுகு வளையத் தொடங்கினால் அந்த செட் அத்தோடு முடிந்தது, எத்தனை முறை பாக்கி இருந்தாலும் சரி.

வார்ம் அப்புக்கு வெறும் பாரில் ஒரு செட், பாதி எடையில் ஒரு செட். அப்புறம், கடுமையாகப் பயிற்சி கொடுத்த தசைக்கு 48 மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள். தசையில் வரும் வலி சில நாளில் தானாக அடங்கிவிடும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் அது வேறு, அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்காதீர்கள்.