முன்மோதல் எச்சரிக்கையைச் சாலையில் சோதிப்பது எப்படி?

முன்மோதல் எச்சரிக்கை என்பது, முன்னால் போகும் வண்டியில் மோதப்போகிறோம் என்று ரேடார், கேமரா மூலம் கண்டுபிடித்து ஓட்டுநரை உஷார்ப்படுத்தும் கார் வசதி. முதலில் சென்சார் பொருத்தத்தைச் சரிபாருங்கள், மென்பொருள் பிறகு. 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் பக்கவாட்டில் 1 டிகிரி திரும்பியிருந்தால் 100 மீட்டரில் 1.75 மீட்டர் தள்ளிக் காட்டும். 3.5 மீட்டர் லேனில் அது பாதி. பக்கத்து லேன் லாரிக்கெல்லாம் அலறும். ஒற்றைக் கேமராவுக்கு மேல்கீழ்ச் சாய்வுதான் வில்லன்: 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரா, டிக்கியில் சுமை ஏறி 0.2 டிகிரி நிமிர்ந்தாலே 40 மீட்டரை 36 என்று கணக்கிடும். காலி வண்டியிலும் முழுச் சுமையிலும் அளந்து பாருங்கள்.

அடுத்தது, மோதலுக்கு எத்தனை நொடி மிச்சம் என்ற கணக்கு. தூரத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு கார்களும் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், 30 மீட்டர் இடைவெளியில் போகின்றன, முன்கார் 0.3ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு வேகக்குறைவோடு, பிரேக் பிடிக்கிறது. ஒரு நொடி கழித்து இந்தக் கணக்கு கிட்டத்தட்ட 10 நொடி என்று சொல்லும். உண்மையில் இருப்பது 3.5 நொடி. முன்காரின் வேகக்குறைவையும் சேர்க்காத மென்பொருளைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. வகுத்த சோதனை நல்ல அளவுகோல். நம் கார் மணிக்கு 45 மைல், அதாவது சுமார் 72 கி.மீ. முன்கார் நின்றிருந்தால் மோதலுக்கு 2.1 நொடி முன்பாவது எச்சரிக்கை வர வேண்டும். பிரேக் பிடித்தால் 2.4, மணிக்கு 20 மைலில் ஊர்ந்தால் 2.0. ஏழு ஓட்டத்தில் ஐந்து தேற வேண்டும்.

மூடிய தடத்தில், நுரைப்பொம்மைக் காரை வைத்தே இதைச் செய்யுங்கள். 2.1 நொடி என்றால் 42 மீட்டர். 38 மீட்டர் வரை சத்தம் வராவிட்டால் ஓட்டுநர் விலகிவிட வேண்டும். பொறுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். தூரத்தை அளக்க, சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும் ஆர்டிகே ஜிபிஎஸ். எச்சரிக்கை நேரத்தை கேன் (காரின் உள் கணினிகள் பேசிக்கொள்ளும் வலையமைப்பு) செய்தியிலிருந்து எடுக்காதீர்கள்: பஸ்ஸர் பக்கத்தில் மைக், டாஷ்போர்டு விளக்கின் மேல் ஒளி சென்சார், எல்லாம் ஒரே கடிகாரத்தில். செய்திக்கும் சத்தத்துக்கும் நடுவே 0.1 நொடி போனால் 2 மீட்டர் போச்சு.

பொதுச் சாலையில் தேட வேண்டியது பொய் எச்சரிக்கையை. சும்மா சும்மா கத்தினால் ஓட்டுநர் அணைத்துவிடுவார். இரும்புப் பாலம், தலைக்கு மேல் வரும் பெயர்ப்பலகை, வளைவு ஆகிய மூன்றும் கட்டாயம். 250 மீட்டர் ஆர வளைவில் 50 மீட்டர் முன்னால் நம் லேன் 5 மீட்டர் ஒதுங்கியிருக்கும். நேர்க்கோட்டில் பார்க்கும் மென்பொருள் அங்கே ஓரத்தில் நிற்கும் காரைக் குறிவைக்கும். எல்லா ஓட்டத்தின் மூலத்தரவையும் சேமியுங்கள். எச்சரிக்கை எழும் நொடி வரம்பை 0.1 நொடி மாற்றினாலும் பழைய பதிவுகள் முழுவதையும் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே காரில் ஏற்றுங்கள்.