எந்த நாட்டு ஜேர்சி? றக்பி லீக் பிள்ளைக்குத் தகுதி பார்ப்பதும் முடிவைப் பேசுவதும்

மேற்குச் சிட்னியில் ஒரு சிறுவர் றக்பி லீக் கழகத்துக்கு ஒன்பது வருடமாக அணி மனேச்சராக இருக்கிறேன். தண்ணீர்ப் போத்தல், பதிவுப் படிவம், காயத்துக்குக் கட்டு, பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வான் எல்லாம் என் கையில். என் அணியில் பாதிப் பேர் டொங்கா, சமோவாக் குடும்பத்துப் பிள்ளைகள். பதினாறு, பதினேழு வயதில் ஒருவன் நன்றாக ஆடத் தொடங்கினால், பார்க்கிறவர்கள் எல்லாரும் அவனிடம் ஒன்றைத்தான் கேட்பார்கள்: நீ எந்த நாட்டுக்கு? இப்போது எங்கள் தமிழ்ப் பெற்றோரும் சிலர் மைதானத்தின் ஓரத்தில் வந்து இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்து வையுங்கள். எந்த நாட்டுக்கு ஆட முடியும் என்பது ஒன்று. அதற்குக் காகிதம் பதில் சொல்லும். எந்த நாட்டுக்கு ஆட விருப்பம் என்பது மற்றது. அதற்குப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும், அதுவும் அவனுக்குச் சொல்ல முடிகிறபோது. காகிதத்தை முதலில் முடித்துவிட்டு மனதுக்கு வாருங்கள். நான் ஒரு முறை இதை மாற்றிச் செய்தேன். ஆட்டம் முடிந்த சந்தோஷத்தில், தாயும் தகப்பனும் நிற்கிற இடத்தில் வைத்து, "தம்பி, நீ டொங்காவா சமோவாவா?" என்று கேட்டுவிட்டேன். தாய் டொங்கா, தகப்பன் சமோவா. வீடு போய்ச் சேரும் வரை வானில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அரை மணித்தியாலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

காகித வேலைக்கு ஒரு வெள்ளைத் தாள் போதும். ஏழு பேரின் பெயரை எழுதுங்கள்: பிள்ளை, தாய், தகப்பன், அம்மம்மா, அம்மப்பா, அப்பம்மா, அப்பப்பா. ஒவ்வொரு பெயருக்கும் நேரே பிறந்த நாடு. றக்பி லீக்கில் தகுதிக்கு அடிப்படை இதுதான்: தான் பிறந்த நாடு, பெற்றோரில் ஒருவர் பிறந்த நாடு, அல்லது பாட்டன் பாட்டியாரில் ஒருவர் பிறந்த நாடு. இவை தவிர, விதி சொல்கிற வருடங்கள் ஒரு நாட்டில் தொடர்ந்து குடியிருந்தாலும் தகுதி வரும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பிறந்து சின்ன வயதில் இங்கு வந்த பிள்ளைக்கு அவுஸ்திரேலியாவுக்கு ஆட அந்த வழிதான்.

பாஸ்போர்ட்டைப் பார்க்காதீர்கள். எங்கள் ஆட்கள் முதலில் தூக்கிக்கொண்டு வருவது அதைத்தான். ஆனால் பாட்டி எங்கே பிறந்தார் என்பதை பாஸ்போர்ட் சொல்லாது. தொடக்கத்தில் பிறந்த நாடு கேட்ட இடத்தில் நான் குடியுரிமையை எழுதி அனுப்பி, படிவம் திரும்பி வந்து, ஒரு பிள்ளை ஒரு தெரிவு முகாமைத் தவறவிட்டான். குக் தீவுகளில் பிறந்த ஒருவர் நியூசிலாந்துப் பிரஜையாக இருப்பார். இரண்டும் ஒரே விஷயம் என்று நினைத்தால் பிள்ளைக்குத்தான் நட்டம்.

இனி, சான்றிதழ் கேட்கிற விதம். இதில் நிதானம் வேண்டும். போன வருடம் என் அணிப் பெடியன் ஒருவனின் வீட்டுக்குப் போனேன். பெடியன் பிறந்தது இங்கே சிட்னியின் பிளக்டவுனில், தாய் பிறந்தது நியூசிலாந்தின் ஒக்லாந்தில், அம்மம்மா பிறந்தது டொங்காவின் வவாவு தீவில். அப்பம்மா சமோவாவின் சவாயி. ஆக ஒரு பிள்ளைக்கு நான்கு நாடுகள். அம்மம்மாவிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டதும் அவர் முகம் இறுகியது. "எதுக்கு? யார் கேக்கினம்?" என்றார். 1970களில் நியூசிலாந்தில் விசா முடிந்தவர்களைத் தேடி, விடியற்காலையில் பசிபிக் குடும்பங்களின் வீட்டுக் கதவைத் தட்டியது பொலிஸ். அதற்கு அந்த அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2021 ஓகஸ்டில்தான். அந்தத் தலைமுறைக்கு, காகிதம் கேட்டு வீட்டுக்கு வருகிற அந்நியன் நல்ல சகுனம் இல்லை. 1995 இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழை வீட்டோடு விட்டுவிட்டு வந்த குடும்பம் என்னுடையது. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். நூலால் கட்டிய கடிதங்கள், ஒரு தேவாலய அட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு தாள். மடிப்பு ஓரங்கள் துணி மாதிரித் தேய்ந்திருந்தன. பேரன் அதை அன்றுதான் முதல் முறை பார்த்தான். ஊரின் பெயரை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான்.

ஆகவே, போனில் கேட்காதீர்கள். நேரில் போங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், எதற்கு வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மூலத்தை வாங்காதீர்கள், அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். உறுதிப்படுத்திய பிரதி தேவைப்பட்டால் குடும்பத்தில் ஒருவரே எடுத்துக்கொண்டு போகட்டும்.

தாளில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். டொங்கா, சமோவாப் பெயர்களில் மேற்கோள்குறி மாதிரி ஒரு எழுத்து வரும். ஒரு காகிதத்தில் இருக்கும், அடுத்ததில் விடுபட்டிருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட, திருமணச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள். பழைய தாளில் "மேற்குச் சமோவா" என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அந்த நாடு "சமோவா" என்று பெயரைச் சுருக்கியது 1997இல். ஆனால் பிறந்த இடம் பாகோ பாகோ என்றிருந்தால் நில்லுங்கள். அது அமெரிக்கன் சமோவா, வேறு ஆட்சி.

ஏழு பெயருக்கும் நேரே நாடு நிரம்பிய பிறகுதான் விதியின் அடுத்த படி. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து மூன்றும் முதல் தர நாடுகள். இந்த மூன்றில் ஒன்றைத்தான் ஒருவர் எடுக்கலாம். அதோடு டொங்கா, சமோவா, ஃபிஜி, இத்தாலி போன்ற அடுத்த தர நாடு ஒன்றையும் வைத்திருக்கலாம். ஒரே உலகக் கிண்ணத்தில் இரண்டு நாட்டுக்கும் ஆட முடியாது, அவ்வளவுதான். ஜேம்ஸ் டெடெஸ்கோ 2013, 2017 உலகக் கிண்ணங்களில் இத்தாலிக்கு ஆடினார். 2022இல் அவுஸ்திரேலிய அணித் தலைவராகக் கிண்ணத்தைத் தூக்கினார். ஃபிஜியின் சுவாவில் பிறந்த பெட்டெரோ சிவோனிசேவா மறுபக்கமாக வந்தவர்: வருடக்கணக்கில் அவுஸ்திரேலியாவுக்கு ஆடிவிட்டு 2013இல் ஃபிஜி அணிக்குத் தலைவரானார். பெற்றோருக்கு நான் முதலில் காட்டுவது இந்த இருவரையும்தான். ஒன்றை எடுத்தால் மற்றக் கதவு என்றைக்கும் மூடிவிடும் என்கிற பயம்தான் வீடுகளில் பாதிச் சண்டைக்குக் காரணம்.

ஸ்டேட் ஒஃப் ஒரிஜின் தனிக் கணக்கு. 1980இல் தொடங்கிய, குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் நடக்கிற தொடர் இது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நாட்டு அணியின் ஜேர்சியைவிட அதுதான் கனவு. அந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும், அல்லது 13 வயதுக்கு முன் அங்கே குடியிருந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் ஒரிஜின் ஆடியிருக்க வேண்டும். பத்து வயதில் வந்த தமிழ்ப் பிள்ளைக்கு வழி உண்டு, பதினாலில் வந்தவனுக்கு இல்லை. வந்த திகதிக்கு ஆதாரமாகப் பள்ளிச் சேர்வுப் பதிவை எடுத்து வையுங்கள். ஒரு ஒரிஜின் ஆட்டத்துக்கு வீரர் ஒருவருக்கு வருடக்கணக்காகக் கிடைத்துவந்தது 30,000 டொலர், தொடரில் மூன்று ஆட்டம். பசிபிக் நாடுகளால் அதற்குப் பக்கத்திலும் கொடுக்க முடியாது. நியூசிலாந்தை எடுத்தவர்களுக்கு ஒரிஜின் நீண்ட காலம் மூடியே இருந்தது. டொங்காவையோ சமோவாவையோ எடுத்தவர்களுக்கு அப்படி இல்லை. ஜரோம் லுவாயும் பிரையன் டோவோவும் 2022இல் நியூ சவுத் வேல்ஸ் நீலத்தில் ஆடிவிட்டு, அதே வருடம் சமோவாவோடு உலகக் கிண்ண இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். ஒரிஜின் விதி மாறுகிற விதி. கையெழுத்து வைக்கிற வருடத்தில் இருக்கிற எழுத்தை வாங்கிப் படியுங்கள். போன வருடம் யாரோ சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இனி மனது. ஜேசன் டாமலோலோ ஒக்லாந்தில் பிறந்தவர், நியூசிலாந்தின் முன்னணி வீரர். 2017 உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன்னர் டொங்காவுக்கு ஆடுகிறேன் என்றார். அவுஸ்திரேலிய வாய்ப்பை விட்டுவிட்டு ஆண்ட்ரூ ஃபிஃபிடாவும் அதே அணிக்கு வந்தார். துரோகம் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அந்த உலகக் கிண்ணத்தில் நவம்பர் 11, நியூசிலாந்தின் ஹமில்டன்: ஆட்டத்துக்கு முன் ஒரு பக்கம் நியூசிலாந்தின் ஹக்கா, எதிரே டொங்காவின் சிபி டாவ், இரண்டு போர் நடனங்களும் ஒரே நேரத்தில். இடைவேளையில் பின்தங்கியிருந்த டொங்கா 28–22 என்று நியூசிலாந்தை வென்றது. இரண்டு வருடம் கழித்து அதே டொங்கா அவுஸ்திரேலியாவை 16–12 என்று வென்றது. அதற்கு முன்னர் பசிபிக் அணிகளின் ஆட்டங்கள் பலதும் முதல் பாதியிலேயே முடிந்த கதை. பெரிய நாட்டின் வாய்ப்பை விட்டுவிட்டுச் சில பேர் வந்ததால்தான் இந்த விளையாட்டுக்கு ஒரு உலகம் கிடைத்தது என்பது என் உறுதியான எண்ணம். அதைத் துரோகம் என்று என் முன்னால் யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். நியூசிலாந்தின் கறுப்பு ஜேர்சியையோ அவுஸ்திரேலியாவின் பச்சை ஜேர்சியையோ எடுக்கிறவனையும் அப்படிச் சொல்ல விடமாட்டேன். ஒக்லாந்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒக்லாந்து ஊர் இல்லையா?

பிள்ளையோடு தனியாகப் பேசுங்கள். வான் ஓடிக்கொண்டிருக்கும்போது பேசுவது எனக்குச் சரிவருகிறது, முகம் பார்க்கத் தேவையில்லை. "எந்த நாட்டை அதிகம் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள், அது தாயா தகப்பனா என்று கேட்பது மாதிரி. "தேசிய கீதம் பாடும்போது பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். "தோற்ற அன்றைக்கு யாருக்கு முதலில் போன் எடுப்பாய்?" என்று கேளுங்கள். பதிலை எழுதி வைக்காதீர்கள், வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். முடிவை வீட்டுக்குச் சொல்வது அவன் வேலை. முதலில் பாட்டிக்கு, பிறகு மற்றவர்களுக்கு என்று மட்டும் நான் சொல்லிவிடுவேன். தொலைபேசியில் செய்தி பரவி, கடைசியில் அவர் காதுக்குப் போவது மாதிரி வைக்கக் கூடாது.

அந்த நான்கு நாட்டுப் பெடியனுக்கு இப்போது 17. அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. பச்சை நிறக் கோப்பு ஒன்றில் ஏழு தாளின் பிரதியும் இருக்கிறது, எந்த முகாமில் இருந்து அழைப்பு வந்தாலும் அன்றைக்கே அனுப்பலாம். டின் அம்மம்மாவின் அலுமாரிக்குத் திரும்பிவிட்டது. போன சனிக்கிழமை வானில் ஏறியதும், வவாவுக்குக் கப்பலில் போக எத்தனை நாள் எடுத்திருக்கும் என்று என்னிடம் கேட்டான். பாட்டியிடம் கேள் என்றேன்.