வைட் லென்ஸில் ஃபில்டர் அடுக்கினால் மூலை கறுக்கிறதா?

எண்ணூர் முகத்துவாரத்துக்கு விடியற்காலை 5 மணிக்கே போய், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் முழங்கால் தண்ணீரில் டிரைபாடை ஊன்றி 40 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் 40 படத்திலும் நாலு மூலையும் கரிச்சட்டி அடி மாதிரி இருந்தது. ஓரத்தை வெட்டினால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி ஒன்று போய்விடும். வெட்டாமல் விட்டால் சாவித் துவாரம் வழியாகப் பார்த்த மாதிரி இருக்கும். அந்த 40 படமும் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன, ஒருவருக்கும் காட்டியதில்லை.

அதற்கப்புறம் 3 வாரம் திருவொற்றியூரில் எங்கள் வீட்டு ஹால் சுவரைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "சுவத்துல அப்படி என்னடா தெரியுது?" என்று அம்மா தினமும் கேட்பார். தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

என் கையில் இருப்பது கேனான் கிராப் சென்சார் பாடி (சென்சார் சின்னதாக உள்ள கேமரா), 10-18 மிமீ வைட் லென்ஸ். ஃபில்டர் திருகும் லென்ஸின் வாய் 67 மிமீ விட்டம். உங்களுடையது நிக்கானின் ஏஎஃப்-பி 10-20 என்றால் 72, டோக்கினா 11-16 என்றால் 77. லென்ஸ் மூடியின் உள்பக்கத்திலேயே எண் போட்டிருக்கும். சில 14 மிமீ லென்ஸ்கள் மாதிரி முன்கண்ணாடி உருண்டையாகப் புடைத்துக்கொண்டு, மரையே இல்லாத லென்ஸ் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அதற்குத் தனி ஹோல்டர் வேண்டும், செலவும் தனி.

<b>கறுப்பது எது?</b>

வீட்டில் கண்ணாடி வளையல் இருந்தால் ஒன்றை எடுத்துக் கண்ணருகே பிடித்துச் சுற்றிப் பாருங்கள். ஒன்றும் மறைக்காது. அதே அளவில் 4 வளையலை ஒட்டி அடுக்கிப் பாருங்கள், குழாய்க்குள் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். ஃபில்டரிலும் இதே கதைதான். கண்ணாடி எதையும் மறைப்பதில்லை, அதைப் பிடித்திருக்கும் வளையம்தான் மூலைக்கு வரும் ஒளியைத் தடுக்கிறது.

எவ்வளவு தடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கிராப் சென்சாரில் ஜூமை 10 மிமீயில் வைத்தால் மூலைக்கு மூலை ஏறக்குறைய 107 டிகிரி தெரியும். அந்தக் கோணத்தில் லென்ஸுக்கு முன்னால் 1 மிமீ உயரம் கூடினால், மூலை தப்பிக்க வாயின் விட்டம் சுமார் 2.7 மிமீ கூட வேண்டும். 12 மிமீக்கு ஜூம் செய்தால் அது 2.2 ஆகும், 18-ல் 1.5 ஆகிவிடும். அதாவது 10-ல் 5 மிமீ தடிமனுள்ள ஒரு ஃபில்டரைக் கூடுதலாகப் போட்டால் 13 மிமீக்கு மேல் அகலம் கேட்கும். 18-ல் ஒன்றும் தெரியாத அடுக்கு 10-ல் மானத்தை வாங்குவது இதனால்தான்.

<b>முதல் வேலை: கழற்றுவது</b>

அடுக்குவது எப்படி என்று கேட்டு வந்தவரிடம் கழற்றச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். அன்று என் லென்ஸில் இருந்தவை மூன்று: யுவி (நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி), சிபிஎல் (பளபளப்பை அடக்கும், திருப்பக்கூடிய போலரைசர்), 6 ஸ்டாப் என்டி (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப்புக்கு ஒளி பாதியாகும், 6 ஸ்டாப் என்றால் 64-ல் ஒரு பங்கு). யுவி ஃபில்டர் அங்கே இருப்பதே எனக்கு ஞாபகமில்லை. லென்ஸ் வாங்கிய அன்று கடைக்காரர் "பாதுகாப்புக்கு" என்று மாட்டிவிட்டது, லென்ஸோடு பிறந்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. என்டி போடும்போது யுவியைக் கழற்றிப் பையில் போடுங்கள். முன்னால் நிற்கும் என்டி கண்ணாடியே உப்புத் தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும்.

அடுத்தது சிபிஎல். நம் பக்கம் கடல் கிழக்கே. விடியலில் சூரியனை நேராகப் பார்த்து எடுக்கும்போது சிபிஎல் வானத்துக்கு ஒன்றும் செய்யாது, சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில்தான் அதன் வேலை முழுசாகத் தெரியும். சரி, வடக்கே கரையோரமாகத் திருப்பி எடுக்கலாம் என்றால், 107 டிகிரி வானத்தில் ஒரு பட்டை மட்டும் கருநீலமாகி, மீதி வெளுத்துக் கிடக்கும். வைட் லென்ஸில் நான் சிபிஎல் போடுவது ஒன்றுக்காக மட்டும்: தூண்டில் வளைவுக் (கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்பு) கற்களின் மேல் ஈரப் பளபளப்பை அடக்கிப் பாசியின் பச்சையைக் கொண்டுவர. மற்ற நேரத்தில் அது பையிலேயே தூங்கட்டும்.

மேல்பாதி கறுத்த கிராஜுவேட்டட் என்டி பற்றியும் கேட்பீர்கள். அடிவானம் கோடு கிழித்த மாதிரி இருக்கும் இடத்துக்கு அது சரி. எண்ணூரில் புகைபோக்கிகள் அடிவானத்தைத் தாண்டி நிற்கும், அவற்றின் தலை மட்டும் மசி பூசினது போலாகிவிடும். அங்கே வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று 2 படம் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்வதே மேல். ஃபில்டர் ஒன்று மிச்சம்.

திருப்பத் திருப்பக் கருமை மாறும் வேரியபிள் என்டியை வைட் லென்ஸுக்கு வாங்காதீர்கள். அது இரண்டு போலரைசரைச் சேர்த்துச் செய்தது. கொஞ்சம் அதிகம் திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு நிழல் விழும். வளையமும் தடிமன்.

<b>சுவர் சோதனை (நான் கவிழ்ந்த இடம்)</b>

எண்ணூர் போவதற்கு முந்தின நாளே நான் சோதித்துப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? சாயங்காலம், ஹாலில், ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தேன். வெளிச்சம் போதாமல் கேமரா தானாகவே அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தை, எஃப் 4.5-க்குத் திறந்துகொண்டது. மூலைகள் லேசாக மங்கலாக இருந்தன. எல்லா வைட் லென்ஸிலும் அந்த மங்கல் கொஞ்சம் இருக்கும், சாஃப்ட்வேரில் லென்ஸ் ப்ரொஃபைலைத் (அந்த லென்ஸின் குறைகளைச் சரிசெய்யும் திருத்தம்) தட்டினால் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

முகத்துவாரத்தில் எடுத்தது எஃப் 11-ல் (எண் கூடினால் துவாரம் சின்னது). அபெர்ச்சர் அகலத் திறந்திருக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் தடித்த கற்றையாக ஒளி வருகிறது. வளையம் அதில் ஒரு பகுதியை மட்டும் வெட்டுவதால் மூலை மெல்ல மெல்ல மங்குகிறது. அபெர்ச்சரைச் சுருக்கினால் கற்றை நூல் மாதிரி மெலிந்துவிடும். நூல் ஒன்று முழுசாக உள்ளே போகும், இல்லையென்றால் முழுசாக வளையத்தில் முட்டும். அதனால்தான் எஃப் 11-ல் கறுப்பு, கத்தியால் வெட்டியது போல விளிம்போடு வருகிறது. ப்ரொஃபைலால் அதை மீட்க முடியாது, அங்கே மீட்பதற்கு ஒளியே பதிவாகவில்லை.

வியூஃபைண்டரையும் நம்பாதீர்கள். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் அது படத்தில் சுமார் 95 சதவீதத்தைத்தான் காட்டும், ஒளிந்திருக்கும் 5-ல்தான் நம் மூலை இருக்கிறது. பின்திரையில் பார்க்கும் லைவ் வியூவிலும் பல கேமராக்களில் ஷட்டர் விழும் நேரத்தில்தான் அபெர்ச்சர் சுருங்கும். ஆகவே படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில், வெறும் வெள்ளைச் சுவர். காலண்டர், சாமி படம் எதுவும் மூலையில் வரக்கூடாது. மேனுவல் மோட், எஃப் 11. ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றித் தூரத்தில் வையுங்கள். சுவர் மங்கலாகத் தெரியும், பரவாயில்லை. பல லென்ஸ்களில் கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் காட்சியின் அகலம் சற்று மாறும், நாம் கடற்கரையில் எடுப்பது தூரத்து ஃபோகஸில்தானே. லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமாளிப்பது) இருந்தால் அணைத்துவிடுங்கள். கேமரா திருத்தாத ரா ஃபார்மேட்டில் எடுத்து, சாஃப்ட்வேரில் எல்லாத் திருத்தங்களையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஜேபெக்கில் கேமராவே மூலையை வெளுத்துக் காட்டி ஏமாற்றும்.

முதலில் வெறும் லென்ஸ். அப்புறம் ஒரு ஃபில்டர், அப்புறம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 10, 11, 12, 14 என்று ஜூமை நகர்த்தி ஒரு படம். எந்த எண்ணில் மூலை சுத்தமாகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் பையின் உள்மூடியில் செல்லோ டேப்பால் ஒட்டிய சீட்டில் இப்படி இருக்கிறது: "67 வாய்: ஒன்னு 10. ரெண்டு 13. மூணு நினைக்காதே." உங்கள் எண் வேறாக இருக்கும், ஃபில்டர் வளையத்தின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். "ஸ்லிம்" என்று பெட்டியில் போட்டிருப்பதையும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

<b>ஸ்டெப் அப் ரிங்</b>

10-லேயே 2 ஃபில்டர் வேண்டும் என்றால் வழி இதுதான். ஒரு பக்கம் 67 மரை, மறுபக்கம் 82 மரை உள்ள வெறும் வளையம், ரெண்டு பிரியாணிக் காசில் கிடைக்கும். இனிமேல் வாங்கும் ஃபில்டர் எல்லாமே 82-ல் வாங்குங்கள். வாயின் விட்டம் 15 மிமீ கூடுகிறது. ரிங் தன் பங்குக்கு 2 மிமீ போல உயரம் தின்றாலும் கணக்கு லாபம்தான். என் லென்ஸில் 82-ல் 2 ஸ்லிம் ஃபில்டர் போட்டு 10-ல் மூலை சுத்தமாக வந்தது. ரொம்ப இடமில்லை, மயிரிழையில் தப்பிக்கிறது.

67-லிருந்து 72, 72-லிருந்து 77, 77-லிருந்து 82 என்று கைவசம் உள்ள ரிங்குகளைப் படிக்கட்டாக அடுக்காதீர்கள். ஒவ்வொரு படியும் உயரத்தைக் கூட்டும், போட்டதன் பலனே போய்விடும். நேராக 67-82 ஒன்றே போதும். அலுமினியத்தைவிடப் பித்தளை ரிங் நல்லது, காரணம் கீழே வருகிறது.

100 மிமீ சதுர ஃபில்டர் செட் இருந்தால் இன்னும் சௌகரியம், ஆனால் ஹோல்டரில் ஃபில்டர் செருகும் பட்டிகளில் தேவைக்கு மேல் உள்ளவற்றைக் கழற்றி ஒன்றை மட்டும் விடுங்கள். பஸ்ஸில் போய்ப் பாறைமேல் ஏறுகிறவனுக்குத் திருகு ஃபில்டர்தான் தோது என்பது என் கட்சி.

<b>அடுக்கும் வரிசை</b>

என்டி உள்ளே, சிபிஎல் வெளியே. சிபிஎல் உள்ளே இருந்தால் அதைத் திருப்பும்போது முன்னால் உள்ள என்டியும் சேர்ந்து சுற்றும், இடப்பக்கமாகச் சுற்றினால் கழன்று கல்லிடுக்கில் விழும். வெளியே போட்டாலும் எப்போதும் மரை இறுகும் திசையிலேயே திருப்பிப் பழகுங்கள்.

2 என்டியை அடுக்கினால் அவற்றின் எண்களை (ஒளியை எத்தனை மடங்கு குறைக்கும் என்பது) பெருக்க வேண்டும்: 8-ம் 64-ம் சேர்ந்தால் 512, அதாவது 9 ஸ்டாப். ஃபில்டர் இல்லாமல் வினாடியில் 15-ல் ஒரு பங்கு வருகிற வெளிச்சத்தில் 64 மட்டும் போட்டால் சுமார் 4 வினாடி, இரண்டும் போட்டால் 34 வினாடி, பல்ப் மோட் (நாம் விடும்வரை ஷட்டர் திறந்தே இருப்பது) வேண்டும். கல்லில் மோதித் திரும்பும் அலையின் வரி தெரிய 4 வினாடி தாராளம். 34-ல் கடல் பால்கோவா ஆகிவிடும், எனக்குப் பிடிக்காது. ஃபோகஸை முதலிலேயே பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிட்டு அப்புறம் என்டியைத் திருகுங்கள்.

<b>சிக்கிக்கொண்டால்</b>

காசிமேட்டில் ஒருநாள் என்டி ரிங்கோடு இறுகிவிட்டது. உப்புக் காற்று, அலுமினிய மரை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகியும் அசையவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னா தம்பி, கண்ணாடி மேல கண்ணாடி மாட்டிகினு அத்தோட மல்லுக்கட்டினுகீறே. இப்டி குடு."

"உடைஞ்சிடும்ணே."

"உடையாது, குடு."

சைக்கிள் ட்யூபில் ஒரு விரல் அகலத்துக்கு வளையமாக அறுத்து ஃபில்டரைச் சுற்றி மாட்டினார், உள்ளங்கையால் மூடிப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி வந்துவிட்டது. நான் செய்த தப்பு, இரண்டு விரலால் இரண்டு பக்கமும் நசுக்கியது. அப்படி நசுக்கினால் வட்டம் முட்டை வடிவமாகி மரை இன்னும் கடிக்கும். சுற்றிலும் சமமாகப் பிடித்தால் அழுத்தம் பரவுகிறது. அந்த ட்யூப் துண்டு இன்றும் பையில் இருக்கிறது. பித்தளை இவ்வளவு சுலபமாகக் கடித்துக்கொள்ளாது என்பதால்தான் மேலே அதைச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் மரையை ஈரத்துணியால் துடைத்துக் காய வையுங்கள்.

<b>பிற்சேர்க்கை</b>

இதைப் படித்த ஒருவர், "எனக்கு ஒரே ஒரு மூலை மட்டும் கறுக்கிறது" என்று படத்தோடு அனுப்பினார். இரண்டு காரணம் இருக்கலாம். மரை கோணலாக ஏறியிருக்கும்: கழற்றி, முதலில் எதிர்த்திசையில் அரைச் சுற்றுச் சுற்றி, 'டக்' என்று உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். இல்லையென்றால் ஸ்டெபிலைசேஷன்: லென்ஸுக்குள்ளோ சென்சாரிலோ அது லேசாக நகர்வதால் மயிரிழையில் தப்பிய மூலை ஒன்று மாட்டிக்கொள்கிறது. அவருக்கு இரண்டாவது. டிரைபாடில் அதை அணைத்ததும் சரியாகிவிட்டது.

இன்னொருவர், ரிங் போட்டபின் லென்ஸ் ஹூட் மாட்ட முடியவில்லை என்றார். முடியாது. சூரியன் பக்கவாட்டில் இருந்தால் கையாலோ தொப்பியாலோ நிழல் பிடியுங்கள், கை படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய 67 மூடியும் பொருந்தாது. ரிங் வாங்கும்போதே 82 மூடி ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள். நான் மறந்துவிட்டு முதல் ஒரு வாரம் லென்ஸ் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.