சபையை விட்ட பிறகு: நரக பயத்தை இறக்கி வைத்து பேகன் வழியைப் பார்ப்பது எப்படி (தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழர்களுக்கு)

பேகன் வழி என்றால் கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பாவின் இயற்கை, பல தெய்வ வழிபாட்டை இன்று புதிதாகக் கையில் எடுப்பது. சபையை விட்ட அடுத்த வாரமே அதற்காகப் பீடம் அமைத்து, மெழுகுவர்த்தி வாங்கி, குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். பயம் இறங்காமல் போனால் நேற்று பாஸ்டர் சொன்னதற்குத் தலையாட்டியவர் நாளை வேறொருவர் சொல்வதற்குத் தலையாட்டுவார், வித்தியாசம் உடுப்பில்தான் இருக்கும்.

சபைகள் எல்லாமே கெட்டவை என்று சொல்ல வரவில்லை. எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று வகுத்த நிறவெறிக் காலத்துக் குரூப் ஏரியாஸ் சட்டம் குடும்பங்களைப் பிடுங்கி டர்பனின் இந்தியர் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் போட்டபோது அக்கம்பக்கம், கோயில் எல்லாம் இழந்து நின்ற எத்தனையோ பேருக்குப் பெந்தெகொஸ்தே சபைதான் பாட்டும் துணையும் கொடுத்தது. ஆனால் அதே இடத்தில் சில வீடுகளில் ஆயாவின் குத்துவிளக்கைப் பிசாசு என்று சொல்லித் தூக்கி எறிந்தார்கள், செத்துப்போன தாத்தா நரகத்தில் எரிகிறார் என்று சின்னப் பிள்ளையிடம் சொன்னார்கள். இதைக் கேட்டு வளர்ந்தவருக்கு முப்பது வயதிலும் ஒரு கற்பூரம் ஏற்றினால் கை நடுங்கும். புத்தி ஒத்துக்கொண்டாலும் உடம்பு ஒத்துக்கொள்ளாது. இந்த மாதிரிப் பாதிப்புக்கு அமெரிக்க உளவியலாளர் மார்லீன் வினெல் 2011ல் 'ரிலிஜியஸ் ட்ராமா சிண்ட்ரோம்' (மதத்தால் வந்த மனக்காயம்) என்று பெயர் வைத்தார். மருத்துவர்களின் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் அது இல்லை, ஆனாலும் பெயர் ஒன்று இருப்பதே பலருக்கு ஆறுதல்.

சரி, உடம்பை எப்படிச் சம்மதிக்க வைப்பது? பயம் வரும்போது அதோடு வாதம் செய்யாதீர்கள், வசனத்துக்கு வசனம் பதில் தேடினால் விடிய விடிய தேடுவீர்கள். அந்தப் பயத்தை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள் ("விளக்கேற்றினால் என் பிள்ளைக்கு நோய் வரும்"), கீழே அதை முதலில் யார் சொன்னது, அப்போது உங்களுக்கு என்ன வயது என்று எழுதுங்கள். அப்புறம் செருப்பைக் கழற்றி தரையில் நின்று, மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். பயத்தைப் போக்கவென்று மறுபடி மறுபடி மன்னிப்பு ஜெபம் சொல்வது, "எனக்கு ஒன்றும் ஆகாதுதானே" என்று அக்காவிடம் பத்து முறை கேட்பது, இதெல்லாம் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், ஆனால் பயத்துக்குத் தீனி போடும். அப்படி நிறுத்தவே முடியவில்லை என்றால் அது பக்திப் பிரச்சினை அல்ல, ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் துரத்தும் மனநோய்) வகையாக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சாகலாம் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்காதீர்கள்: மனநல உதவி செய்யும் சாடாக் அமைப்பின் 0800 567 567 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

கொஞ்சம் அடங்கிய பிறகு பேகன் பக்கம் வரலாம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பேகன் வழிகளில் பெயர்பெற்ற விக்கா என்பது ஆதிகாலத்துச் சமயம் அல்ல. அங்கத்திய சூனியச் சட்டம் 1951ல் ரத்தான பிறகு இங்கிலாந்தில் ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் வெளியே கொண்டுவந்தது, பழையதும் புதியதும் கலந்தது. இதைக் கேட்டுச் சிலர் ஏமாந்து போவார்கள். எனக்கு இதுதான் பிடித்த விஷயம், ஏனென்றால் மனிதர் கட்டியதை மனிதர் மாற்றலாம், ஒரே வேதம் என்று யாரும் மிரட்ட முடியாது.

ஆனால் இங்கிலாந்துப் புத்தகத்தை அப்படியே டர்பனில் பின்பற்றினால் சிரிப்பாகிவிடும். அவர்களுடைய ஆண்டுச் சக்கரம், அதாவது பண்டிகை வரிசை, பூமியின் வடபாதிக் காலநிலைக்குப் போட்டது. அங்கே டிசம்பரில் வரும் யூல், அதாவது குளிர்கால உச்சி, நமக்கு ஜூன் 21 வாக்கில். அவர்கள் அக்டோபர் 31ல் இறந்தோரை நினைக்கும் சாவின், இங்கே ஏப்ரல் 30. சடங்கில் வட்டம் சுற்றும் திசையும் மாறும்: நம் மதியச் சூரியன் வடக்கே நிற்பதால், அதைப் பார்த்தபடி நின்றால் வலமிருந்து இடமாகப் போகும், ஆகவே பூமியின் தென்பாதியில் உள்ள பேகன்கள் பலர் இடமாகச் சுற்றுகிறார்கள், நெருப்பை வடக்கில் வைக்கிறார்கள். வளர்பிறையின் வெளிச்சமும் இங்கே இடப்பக்கம்தான்.

தெற்கு அட்டவணையில் குளிர் விலகத் தொடங்கும் இம்போல்க் ஆகஸ்ட் 1 வாக்கில் வருகிறது. அந்த வாரங்களில் நம் ஊர் மாரியம்மன் கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றுவார்கள்! அறுவடையின் லம்மாஸ் பிப்ரவரி தொடக்கம், பொங்கலுக்கு இரண்டு வாரம் தள்ளி. தேடி அலைய வேண்டியதில்லை, ஒரு குடம் கூழில் தொடங்கலாம். ஆனால் பல இந்துக்கள் தங்களைப் பேகன் என்று அழைப்பதை விரும்ப மாட்டார்கள், கோயிலில் போய் அப்படி வகுப்பெடுக்காதீர்கள். ஆயா காலத்து வழக்கம் எல்லாமே மருந்து என்றும் நினைக்காதீர்கள், தீட்டு, சாதி, அம்மை வந்தால் அம்மன் கோபம் என்பதெல்லாம் அங்கேயும் உண்டு. வேப்பிலைக்குப் பதில் சிலர் இங்கே வளரும் மலைவேம்பு போன்ற சிரிங்கா மரத்தின் இலையைக் கட்டுவார்கள், கட்டட்டும், ஆனால் அதன் காய் விஷம், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. டர்பன் வார்விக் சந்தையில் விற்கும் இம்பெபோ என்ற வாசனைச் செடி ஜூலு மக்கள் மூதாதையரை அழைக்க எரிப்பது, அவர்கள் கற்றுக்கொடுக்காமல் எடுத்து எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முதல் சில மாதம் தனியாகவே செய்யுங்கள். ஒரு விளக்கு, கொஞ்சம் தண்ணீர், மாம்பழக் காலத்தில் ஒரு மாம்பழம், தாத்தா பெயரைச் சத்தமாகச் சொல்வது, போதும். செய்த பிறகு உங்களுக்கு எப்படி இருந்தது என்று குறித்து வையுங்கள், பயம் கூடினால் நிறுத்தி ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

அப்புறம் குழு தேடினால் கவனம். மரபான விக்கா குழுக்கள் சேர்ப்பதற்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் படிக்கச் சொல்வது வழக்கம், அவசரப்படுத்துகிறவர் சந்தேகத்துக்குரியவர். "விட்டுப்போனால் சாபம்" என்று சொன்னாலோ, உடலைக் கேட்டாலோ, குடும்பத்தை வெட்டச் சொன்னாலோ அன்றே கிளம்புங்கள். நார்ஸ் (பழைய வட ஐரோப்பிய) தெய்வங்களைக் கும்பிடும் சில கூட்டங்கள் இரத்தம், இனம் என்று பேசும், நம் நிறத்துக்கு அங்கே இடமில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு உங்கள் நம்பிக்கையைக் காக்கிறது. ஆனால் இந்த நாட்டின் 1957ஆம் ஆண்டுச் சூனியத் தடைச் சட்டம் பணம் வாங்கிக் குறி சொல்வதைக் குற்றமாக்கியது, ஆகவே டாரட் பார்த்துக் காசு வாங்கும் யோசனை இருந்தால் வக்கீலைக் கேளுங்கள். அதே சட்டத்தில் இன்னொருவரைச் சூனியக்காரர் என்று குற்றம் சாட்டுவதும் குற்றம். உறவினரோ சபைக்காரரோ உங்களை அப்படிச் சொன்னால் தேதி, இடம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், வாட்ஸ்அப்பில் வந்ததை அழிக்காதீர்கள்.