மத்தி மீனைத் தகர டின்னில் அடைத்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

நல்ல டின் மீனுக்கான பாதி வேலை படகிலேயே முடிந்துவிடுகிறது. மத்தி, அயிலை, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றின் தசையில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்கிவிடும். உண்டான ஹிஸ்டமின் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போகாது. ஆகவே ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸ் போட்டுக் கொண்டுவந்த மீனை மட்டும் வாங்குங்கள். நான் முதலில் வயிற்றைத்தான் அழுத்திப் பார்ப்பேன். வயிறு வெடித்த மத்தியைக் கறிக்கு வாங்கலாம், டின்னுக்கு வாங்கக்கூடாது. தென்மேற்குப் பருவமழைக்குப் பின் கிடைக்கும் கொழுப்பேறிய மத்தி இதற்கு மிகவும் ஏற்றது.

செதில், தலை, வால், குடல் ஆகியவற்றை நீக்கி, முதுகெலும்பை ஒட்டியிருக்கும் இரத்தத்தை நன்றாகக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 150 கிராம் உப்புக் கரைத்த குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டால் தசை இறுகி, தோல் உரியாமல் நிற்கும்.

மீனை டின்னில் நெருக்கமாக அடுக்கி, மூடாமலே ஆவியில் வேகவைத்து, கசியும் நீரைக் கவிழ்த்து வடித்துவிடுங்கள். வடிக்காமல் எண்ணெய் ஊற்றினால் பின்னர் டின்னைத் திறக்கும்போது கலங்கிய நீர்தான் முதலில் தெரியும். வடித்த பின் சூடான எண்ணெயை விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி ஊற்றி, உள்வெப்பம் 80 டிகிரி செல்சியஸை எட்டியதும் தாமதமின்றி மூடும் இயந்திரத்தில் வையுங்கள். மூடியின் விளிம்பும் டின்னின் விளிம்பும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கியாக மடிந்து அழுந்துவதையே இரட்டை மடிப்பு என்கிறார்கள். விரல் நுனியால் சுற்றிலும் தடவும்போது எங்கேனும் கூர்மையோ மேடோ தட்டுப்பட்டால் அந்த டின்னை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது உயிர் காக்கும் படி. காற்றில்லாத, புளிப்பில்லாத டின்னுக்குள் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியா வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும். அதன் வித்துகள் 100 டிகிரியில் கொதிக்கும் நீரையும் தாங்கிவிடும். இதனால்தான் ரிட்டார்ட் எனப்படும் அழுத்தக் கலனில் ஏறத்தாழ 121 டிகிரி வெப்பம் தருகிறார்கள். கலனுக்குள் காற்று தங்கினால் அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டினாலும் வெப்பம் குறைவாகவே இருக்கும். ஆகவே காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். எத்தனை நிமிடம் என்பது டின்னின் அளவையும் மீனையும் எண்ணெயையும் பொறுத்தது. கண்ணாடிப் புட்டிக்கான கணக்கைத் தகரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். வீட்டுக் குக்கரிலும் முயலாதீர்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடத்தில் உங்கள் டின்னுக்குரிய நேரத்தைச் சோதித்துப் பெற்ற பிறகே தொடங்குங்கள்.

நேரம் முடிந்ததும் குளோரின் கலந்த குளிர்நீரில் டின்களை ஆறவிடுங்கள். சூட்டில் இளகியிருக்கும் மடிப்பு வழியே ஒரு துளி நீர் உள்ளே போகக்கூடும் என்பதால் அந்த நீரும் சுத்தமாக இருக்க வேண்டும். துடைத்து உலர்த்தி, தேதி எழுதி, சில வாரங்கள் வைத்திருந்தால் எண்ணெய் எலும்புவரை ஊறிவிடும். சில வேளைகளில் மீனின் மேல் கண்ணாடித் துண்டு போன்ற படிகம் தென்படலாம். அது ஸ்ட்ரூவைட் என்னும் தீங்கற்ற உப்பாக இருந்தால் சூடான வினிகரில் மெல்லக் கரையும். கரையாவிட்டால் கண்ணாடி என்றே கொண்டு டின்னை ஒதுக்குங்கள். உப்பிய டின், கசிந்த டின் எதையும் திறக்கவோ சுவைத்துப் பார்க்கவோ வேண்டாம்.