பிங்கோ: டேங்க் தீரும் முன்பே திரும்பும் கணக்கு

விளையாட்டில் 'பிங்கோ' என்பது ஜெயித்தவரின் கூச்சல். போர் விமானி ரேடியோவில் சொன்னால், திரும்பிப் போக மட்டுமே எரிபொருள் இருக்கிறது, இனி திரும்பியே ஆக வேண்டும் என்று பொருள். டேங்க் காலி என்று பலர் நினைப்பது தவறு. தரையிறங்கும்போது கடைசி ரிசர்விலேயே கை வைக்க வேண்டியிருக்கும் என்றால் அது 'மேடே ஃபியூயல்' என்ற அவசர அழைப்பு. பிங்கோவை மதித்தவருக்கு அந்த நிலை பெரும்பாலும் வராது.

இந்த எண்ணைப் புறப்படும் முன்பே குறித்துவிடுவார்கள். ஒரு மாதிரிக் கணக்கு: திரும்பும் தூரத்துக்கு 2,000 பவுண்டு, இறங்குவதற்கு 500, ரிசர்வ் 1,000. பிங்கோ 3,500. அதற்கு மேலே, 4,500-இல், 'ஜோக்கர்' என்று இன்னொரு கோடு. ஜோக்கர் வந்ததும் வேலையை முடித்துக்கொள்ளத் தொடங்க வேண்டும். பிங்கோ வந்தால் பேச்சே கிடையாது. லிட்டரில் அளக்காததற்குக் காரணம் உண்டு: சூட்டில் எரிபொருளின் பருமன் கூடும், எடை மாறாது. எஃப்-16 விமானத்தில் குறித்த அளவு வந்ததும் "பிங்கோ, பிங்கோ" என்று குரலே எச்சரிக்கும்.

பைக்கில் மலையேறுபவருக்கும் இதே கணக்குதான். கடைசி பெட்ரோல் பங்க் 60 கிலோமீட்டர் பின்னால், மைலேஜ் 40 என்றால் திரும்ப ஒன்றரை லிட்டர். வழி தவறினால் என்று அரை, ரிசர்வ் அரை. ஆக, இரண்டரை லிட்டர் பிங்கோ, மூன்றரை ஜோக்கர். கம்பெனி சொல்லும் மைலேஜைப் போடாதீர்கள். உங்கள் வண்டி மலையில் கொடுப்பதைப் போடுங்கள். முன்னே போகப் போகத் திரும்பும் தூரமும் கூடும், அதனால் பிங்கோவும் ஏறும். காலையில் போட்ட எண்ணையே மாலைவரை நம்புவதுதான் வழக்கமான பிழை.

ட்ரோனில் இந்தப் பிழைக்கு விலை அதிகம். காற்று தள்ளிக்கொண்டு போக, 'பாதி பேட்டரியில் போனேன், மீதிப் பாதியில் வந்துவிடுவேன்' என்று நினைப்பார்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், பாதி போதாது. போகும்போதே காற்றை எதிர்த்துப் பறந்தால் இந்தத் தொல்லை குறைவு.

மலை நடைக்குப் பெட்ரோலுக்குப் பதில் வெளிச்சம். ஆறு மணிக்கு இருட்டும், இறங்க மூன்று மணி நேரம், கூடுதலாக ஒரு மணி என்றால் பிங்கோ பிற்பகல் 2. உச்சி இன்னும் நூறு மீட்டர்தான் என்றாலும் 2 மணி 2 மணிதான். குழுவில் யாராவது ஒருவருக்கு பிங்கோ வந்தால், அது எல்லோருக்கும் பிங்கோ.